வராத லென்ஸ்

"சித்திரையில கொடுத்த செட்டு தம்பி. ஆடி பொறந்தாச்சு. இன்னைக்கு எடுத்துக்கிட்டுத்தான் போவேன்."

ராஜபாளையத்தில் பெலிக்ஸின் ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததும் கனகலட்சுமி சொன்ன முதல் வார்த்தை இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெலிக்ஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"லென்ஸ் இன்னும் கிடைக்கலக்கா. அண்ணாச்சிகிட்ட சொல்லியிருந்தேனே."

"அவிய நீ என்ன சொன்னாலும் நம்பிருவாக. நான் நம்ப மாட்டேன்."

அவள் கணவர் வேல்சாமி நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது, ஆசைப்பட்டு அவரிடம் வாங்கிய சிடி பிளேயர் அது. தூக்கினால் கருங்கல் கனம். தினமும் அதில் புல்லாங்குழல் கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்.

திடீரென்று ஒருநாள் சிடி சுற்றியது, பாட்டு வரவில்லை. சிடியைப் படிக்கிற லென்ஸ் போய்விட்டது என்றான் பெலிக்ஸ். அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டதாம். யாராவது கழித்துப் போட்ட செட்டிலிருந்து கழற்றி மாட்டினால்தான் உண்டாம். மும்பையில் இருக்கிறது என்றான். பிறகு அது டூப்ளிகேட் என்றான். பிறகு சிங்கப்பூரில் கேட்டிருக்கிறேன் என்றான்.

"நல்ல பார்ட்டைக் கழத்தி வேற ஆளுக்கு வித்திருவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாக. அப்படி எதுவும் செஞ்சிருந்தா சொல்லிரு."

"சே, என்னக்கா நீங்க."

"பொறவு என்ன? அந்த செட்டு போனதுல இருந்து அவிய ஆளே சரியில்ல. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்காக. ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்லுதாக. பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்காக. ஆவணியில பொண்ணு அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போறா. அப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். எனக்குப் பயமா இருக்கு தம்பி."

பெலிக்ஸின் பார்வை மூலை ஷெல்புக்குப் போய்விட்டுத் திரும்பியது.

கனகலட்சுமி அதைக் கவனித்துவிட்டாள். நேரே போய், அங்கே மூடியிருந்த துணியை இழுத்தாள். அவர்கள் வீட்டு செட். துடைத்து, மூடி மாட்டி, முழுசாக இருந்தது.

"போட்டுக் காட்டு."

"வேண்டாம்க்கா."

"போடு தம்பி."

அவன் தயங்கித் தயங்கி ஸ்பீக்கர் ஒயரை மாட்டினான். சிடியை வைத்து பட்டனை அழுத்தினான்.

புல்லாங்குழல் கடை முழுக்கக் கேட்டது. ஒரு பிசிறு இல்லை.

கனகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்.

"இத்தனை நாளா ஏன் பொய் சொன்ன? அங்க ஒரு மனுசன் இதுக்காக ஏங்கிக் கெடக்காருன்னு தெரியாதா?"

"அண்ணாச்சிதான்க்கா அப்படிச் சொல்லச் சொன்னாரு."

"யாரு? அவியளா?"

பெலிக்ஸ் பாட்டை நிறுத்தினான்.

"வைகாசியிலயே லென்ஸ் வந்திருச்சு. மாட்டினதும் அண்ணாச்சியைத்தான் கடைக்குக் கூப்பிட்டேன். இதே பாட்டுதான் போட்டேன். 'குழல் கேக்கலையேப்பா'ன்னாரு. சவுண்டைக் கூட்டினேன். 'இன்னும் கூட்டு'ன்னாரு. கூட்டினேன். எதிர்த்த டீக்கடைக்காரரு காதைப் பொத்திக்கிட்டு வந்து சத்தம் போட்டாரு. அவரு போட்ட சத்தம்கூட அண்ணாச்சிக்குக் கேக்கல. அவரு வாயையே பாத்துக்கிட்டிருந்தாரு. செத்த நேரம் கழிச்சு, 'லென்ஸ் நல்லாத்தான் இருக்கு பெலிக்ஸ்'ன்னாரு."

கனகலட்சுமி பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பொறவு மதுரைக்குத் தனியாப் போய் டாக்டரைப் பாத்திருக்காரு. மில்லு இரைச்சல்ல ரெண்டு காதும் கொஞ்சங் கொஞ்சமாப் போயிருச்சாம். காதுக்கு மெஷின் வச்சா ஓரளவு கேக்குமாம். பாப்பா பிளைட் ஏறட்டும், அப்புறம் வச்சுக்கிடுதேன்னாரு."

"அதுக்கும் பாப்பாவுக்கும் என்ன?"

"இப்பத் தெரிஞ்சா, அப்பாவை இப்படி விட்டுட்டுப் போகமாட்டேன்னு வேலையே வேண்டாம்னு சொல்லிருமாம். செட்டு வீட்டுக்கு வந்தா பாட்டுப் போடணும், கேக்குற மாதிரி நடிக்கணும். 'எனக்கு நடிக்க வராதுப்பா, லென்ஸ் வரலைன்னே சொல்லிக்கிட்டிரு'ன்னாரு. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னாரு. இப்ப நானே சொல்லிட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு எப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது என்றே தெரியவில்லை. கண்டக்டர் சொல்லித்தான் இறங்கினாள்.

வீட்டில் மகள் சிவரஞ்சனி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேல்சாமி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார்.

"லென்ஸ் வந்திருச்சாம்மா?" என்று நிமிர்ந்தாள் சிவரஞ்சனி. "அப்பாவை இப்படி விட்டுட்டுப் போகவே மனசு வரமாட்டேங்குது. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிரலாமான்னு பாக்கேன்."

கனகலட்சுமி மகளைத் தாண்டிப் போய், வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி கணவருக்கு எதிரே நின்றாள்.

"கிடைச்சிருச்சாம். பாப்பா பிளைட் ஏறின மறுநாள் மாட்டிரலாமாம்" என்றாள், உதட்டசைவு நன்றாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்தி.