எலிஹியோவின் கோப்பை

எலிஹியோ வரிசையில் நிற்பதைப் பார்த்ததுமே செனோபியா மிளகாய்ப்பொடி டப்பாவைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. தேவாலயத்தில் பூசை முடிந்து ஜனம் சதுக்கத்தில் இறங்கியிருந்தது. எஸ்கீத்தே என்கிற மசாலாச் சோளம் விற்கும் அவளுடைய வண்டியில், உதிர்த்த சோளம் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் முறை வந்தது. வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. என்றைக்குமே கேட்டதில்லை.

சோளத்தைக் கோப்பையில் அள்ளினாள். மயோனைஸ் ஒரு கரண்டி. எலுமிச்சையை ஒரு பிழி. சீஸ் கிடையாது, அவனுக்கு மட்டும் கிடையாது. பிறகு மிளகாய்ப்பொடியைக் கவிழ்த்தாள். வெள்ளைச் சோளம் ஒன்றுகூடக் கண்ணில் படாதவரை கவிழ்த்தாள்.

பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்த போலீஸ்காரன் சிரித்துவிட்டான். "ஆளையே கொன்னுடுவீங்க போலயே அக்கா!"

"செத்தா சாகட்டும்."

எலிஹியோவின் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள்.

அவன் சதுக்கத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவன். அவன் உட்காருமிடம் அவள் வண்டிக்கு நேர் எதிரே. போன வருடம் ஒரு மத்தியானம், செனோபியா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் ஒதிலியாவை யாரோ காரில் இழுத்துப்போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது எதிரே இருந்தவன் இவன் ஒருவன்தான். ஸ்டேஷனில் விசாரித்தபோது, எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

பேசாத அந்த நாக்கு வெந்து போகட்டும்.

அவன் அவள் கண்ணெதிரிலேயே நின்று சாப்பிட்டான். கண்ணும் மூக்கும் ஒழுக, இருமி இருமி, ஒரு முத்து மீதம் வைக்காமல் சாப்பிட்டான். அதுவும் அவளுக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. தின்றே பாவத்தைத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறானா?

போலீஸ்காரன் அப்படியில்லை. வாராவாரம் வருவான். வந்ததும், "பாப்பாவப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?" என்று கேட்பான். ஊரில் இன்னமும் அதைக் கேட்கிற ஒரே ஆள். இன்றும் கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். கொஞ்சம் சீஸ் கூடத் தூவிக் கொடுத்தாள். அவன் தெருவைத் தாண்டிப் போய்த் தன் காரில் சாய்ந்துகொண்டு மிச்சத்தைத் தின்றான்.

எலிஹியோ காலிக் கோப்பையை நீட்டினான். காரத்தில் கம்மிய குரலில் சொன்னான்.

"நாளைக்குக் குடும்பத்தோட ஊரை விட்டுப் போறோம். இன்னிக்காவது சொல்லிடுறேன். ஒதிலியாவ ஏத்திட்டுப் போனவன் அந்தப் போலீஸ்காரன்தான். ஸ்டேஷன்ல என்னை விசாரிச்சதும் அவன்தான்."

அவள் என்ன சொல்வாளோ என்று நிற்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

செனோபியா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பானையின் ஆவி முகத்தில் அடித்தது. வரிசையில் யாரோ தனக்கு எலுமிச்சை வேண்டாம் என்றார்கள். அவள் காதில் விழவில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போலீஸ்காரன் காலிக் கோப்பையை உயர்த்திக் காட்டினான்: இன்னொன்று.

வரச்சொல்லிக் கையாட்டினாள். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு அவனுக்கு முதலில் அள்ளினாள். சோளத்தை விளிம்புவரை நிரப்பினாள். சீஸைக் குவித்தாள். அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான்.

"இத்தனை நாளா வந்து சாப்பிடுறீங்க," என்றாள் செனோபியா, முகம் நிறையச் சிரித்துக்கொண்டே. "உங்க முழுப் பேரு என்னன்னு நான் கேட்டதே இல்லையே தம்பி?"