வளைந்த ஆணி

திரைக்குப் பின்னால், ராணி வேடத்தில், நான் மேடை முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம். திரைக்கு அந்தப் பக்கம் ஊரே வயிறு முட்ட தோர்தெல்லினி பாஸ்தா சாப்பிட்டுவிட்டு வந்து இருமிக்கொண்டிருந்தது.

நான் தேடியது ஒரு வளைந்த ஆணியை.

இத்தாலியில் ஓபரா பாடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேடைப் பலகையில் வளைந்த ஆணி கண்ணில் பட்டால் அன்றைக்குக் குரல் கைவிடாது. கடையில் வாங்கி வரக் கூடாது. யாரும் கையில் கொடுக்கவும் கூடாது. தானாகக் கிடைக்க வேண்டும்.

இந்த ஓர்னெல்லாவுக்குப் பைத்தியம் என்று என்னைச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காலை பதினொரு மணி வரை நான் வாய் திறப்பதில்லை, ரொட்டிக்கடைக்காரரிடம்கூடச் சைகைதான். மே மாதத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டு. காட்சிக்கு முன் பாதி பேரிக்காய், மீதிப் பாதி எல்லாம் முடிந்த பிறகு. இவ்வளவு கெடுபிடிக்கு நடுவில் எனக்கென்று இருந்த ஒரே குஷி அந்த ஆணிதான். கிடைத்ததும் ஒப்பனை அறைக்கு ஓடி, காபி டப்பாவில் டங்கென்று போட்டுவிட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் போட உட்காருவேன்.

இந்த அரங்குக்கு வந்து பாட வேண்டிய முதல் நாள் மட்டும் ஆணி கிடைக்கவில்லை. பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் பாடுவதற்கென்று வைத்திருக்கும் மாற்றுப் பாடகி ஜெம்மாவை மேடைக்குத் தள்ளினார்கள். பாவம், இருபத்திரண்டு வயது. இரண்டாவது வரியிலேயே குரல் நின்றுபோனது. மேல்மாடத்துக்காரர்கள் ஊளையிட்டே திரையை இறக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். எனக்கு ஆணி தப்பியதே இல்லை. ஜெம்மாவுக்கு வாய்ப்பு வந்ததும் இல்லை.

இன்று ஆணி இல்லை.

சிம்மாசனத்துக்கு அடியில் இல்லை. படிக்கட்டில் இல்லை. முழங்கால் எரிந்ததுதான் மிச்சம்.

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தச்சர் நேவியோ, ஏணி மேலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தம்மா தேடுறீங்க? ஆணியா? வந்த அன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேனே. தரையில இருந்து சிம்மாசனம் வரைக்கும் ஸ்க்ரூதான். இந்த மேடையில ஆணி அடிச்சு இருபது வருஷமாவது இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டப்பாவில் நூற்றுச் சொச்சம் ஆணிகள் இருக்கின்றன. அத்தனையும் எங்கிருந்து வந்தன?

"நான்தான்க்கா போட்டேன்."

பக்கத் திரையின் இருட்டில் ஜெம்மா நின்றிருந்தாள்.

"ஒவ்வொரு காட்சிக்கும். வீட்டுல கதவிடுக்குல வச்சு வளைச்சு எடுத்துட்டு வருவேன். நீங்க பாடலைன்னா நான்ல பாடணும்? அன்னைக்குக் கேட்ட ஊளை இன்னும் காதுல இருக்கு."

சிரிப்பதா, அவளை அறைவதா என்று தெரியவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நான் டப்பாவில் பூட்டி வைத்ததெல்லாம் இவளுடைய பயம். ஆனாலும் மணி ஆகிக்கொண்டிருந்தது.

"சரி, இன்னைக்கு மறந்து தொலைச்சிட்டியா? பையில இருந்தா எடுத்துப் போடுடி. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கறேன்."

ஜெம்மா அசையவில்லை.

"மறக்கலக்கா."

வெளிச்சத்துக்கு வந்தாள். வழக்கமாகச் சாம்பல் நிற ஸ்வெட்டரில், மடியில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பாள். இன்று ராணி உடை. அவளுக்கென்று தைத்து, அலமாரியிலேயே தொங்கிக் கிடந்தது. கழுத்து வரை கொக்கி மாட்டியிருந்தாள். முகத்தில் ஒப்பனையும் முடிந்திருந்தது.

முதல் அதிர்ச்சியே தேவலை என்றாகிவிட்டது. அடிப்பாவி, இன்று தானே பாட வேண்டும், எனக்கு ஆணி கிடைக்கக் கூடாது என்று திட்டம் போட்டு வந்திருக்கிறாள்.

ஆனால் ஆணியில் ஒன்றுமே இல்லை என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருடமும் பாடியது நான், என் தொண்டை. இன்றும் அது தயாராக இருந்தது. எழுந்து போய்ப் பாட வேண்டியதுதான், தடுக்க யாருமில்லை.

அது ஜெம்மாவுக்கும் புரிந்தது. வாயைத் திறந்து தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டதை உணர்ந்தவளாகக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கழுத்துக் கொக்கியைக் கழற்றவில்லை. இருந்த இடத்திலிருந்து நகரவும் இல்லை.

மேடைப் பொறுப்பாளர் அல்வாரோ கையில் அட்டையோடு ஓடி வந்தார்.

"ஓர்னெல்லா, ஆணி கிடைச்சாச்சா? உனக்குத்தான் எப்பவும் கிடைச்சிடுமே. மணி அடிக்கச் சொல்லட்டுமா?"

நான் எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டினேன். அடுத்து நான் பேசியதைக் கேட்டு அங்கிருந்த நால்வரிலும் அதிகம் அதிர்ந்தது நான்தான்.

"கிடைக்கல. ஆணி இல்லாம நான் பாட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"