கடைசிப் பதிவின் தேதி

இறந்துபோன வெள்ளையனின் பேரில், வீட்டுக் கணினியில் ஒரு தேதியைத் திருத்திக்கொண்டிருந்தாள் அவருடைய மகள் கவிப்பிரியா. சேலத்துப் பஸ் நாகலூர் வந்து சேர இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. அதில் அவளுடைய தம்பி வெங்கடேஷ் வருகிறான்.

“என்ன கண்ணு, காலைல இருந்து அதையே நோண்டிட்டு இருக்கற? நாளைக்குக் காரியம். அத்தன வேல கெடக்குது” என்றாள் அம்மா காளியாயி, வாசலிலிருந்து.

“முடிஞ்சிருச்சும்மா.”

முடியவில்லை. பள்ளிக்கூடத்துக் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். ஒரு கோப்பின் தேதியை மாற்ற ‘டச்’ என்று ஒரே ஒரு கட்டளை போதும் என்று பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு விரல் சொன்னபடி கேட்கவில்லை.

அவசரத்தில் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். அந்தத் தப்பான பெயரில், உள்ளே ஒன்றுமே இல்லாத புதுக் கோப்பு ஒன்று திரையில் முளைத்து நின்றது. அதை அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள். கொண்டை ஊசி வளைவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். லாரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெங்கடேஷ் வீட்டில் யாரையும் கேட்காமல் சௌமியாவைக் கட்டிக்கொண்டான். இந்தப் பக்கமே வராதே என்றார் வெள்ளையன். அதற்கப்புறம் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சே இல்லை. சேதி கேட்டுப் பெங்களூரிலிருந்து அவன் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காட்டோரத்தில், புது மண்ணுக்கு முன்னால் நின்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்பா கடைசியா என்னப் பத்தி எதாச்சும் சொல்லுச்சாக்கா?”

ஒன்றும் சொல்லவில்லை. கடைசி மூன்று நாளும் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்துக் கிடந்தார். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் கவிப்பிரியாவின் வாய் முந்திக்கொண்டது.

“சொல்லுச்சு. போன்ல பேசி வெச்சிருக்குது. காரியத்துக்கு வர்றப்பப் போட்டுக் காட்டறேன்.”

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் பழைய போன், மெமரி கார்டு என்று எல்லாவற்றையும் குடைந்ததில் முந்தாநாள் ஒன்று அகப்பட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால், வெங்கடேஷ் கல்லூரி விடுதிக்குப் போனபோது அப்பா பேசிப் பதிந்தது. கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பி கேட்க வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. தேதி மட்டும்தான் ஒத்துவரவில்லை.

இப்போது திரையில் ஆகஸ்ட் பதினொன்று, மாலை நான்கு இருபது என்று வந்தது. அப்பா போவதற்கு முதல் நாள்.

அப்போதும் மனசு அடங்கவில்லை. கோப்பில் கைவைத்த உண்மையான நேரத்தைக் கணினி வேறோர் இடத்தில் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதை ‘டச்’ போட்டு மாற்ற முடியாது. தம்பியும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். தேடிப் பார்த்தால் அகப்பட்டுக்கொள்வாள்.

வெங்கடேஷ் மழையில் நனைந்தபடி உள்ளே வந்தான்.

“சௌமியா வரலையா சாமி?” என்றாள் காளியாயி.

“நாளைக்குக் காலைல வந்துருவாம்மா.” தலையைக்கூடத் துவட்டாமல் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தான். “எங்கக்கா அது?”

கவிப்பிரியா காட்டினாள். அவன் குனிந்து தேதியைப் படித்தான். திரும்பவும் படித்தான்.

“போடுக்கா” என்றான்.

கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே வெள்ளையனின் குரல் கேட்டது. “சாமி, வெங்கடேசு. நாங் கத்துனத மனசுல வெச்சுக்காத...” பெரிதாக ஓர் இருமல். அது அடங்குவதற்குள் வெங்கடேஷின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. அழுகையை அடக்குகிறான் என்று நினைத்தாள் கவிப்பிரியா. குரல் தொடர்ந்தது. “எங்க இருந்தாலும் நேரத்துக்குச் சாப்புடு. நம்மூட்டுக் கதவு தொறந்தேதான் கெடக்கும்.”

அவ்வளவுதான். காளியாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“ஆகஸ்ட் பதினொண்ணாக்கா?” என்றான் வெங்கடேஷ், திரையைப் பார்த்தபடியே.

“ஆமா கண்ணு. சாயந்தரம். நாந்தான் பக்கத்துல இருந்தேன்.” அதற்கு மேல் அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள். “இரு, இத உனக்கு அனுப்பி உடறேன். நீயும் வெச்சுக்க.”

தம்பியின் ஈரக் கை அவள் கையின் மேல் வந்து படிந்தது.

“வேண்டாக்கா. எட்டு வருசமா எம் போன்ல இருக்குது.”