ஒன்பதாவது லட்சியம்

“ஒன்பது” என்றாள் அவள்.

டேப்லெட்டில் ஒன்பதைத் தொட்டேன். அதற்கான வரி திரையில் விரிந்தது.

‘இப்போது உடன் இருப்பவர்களை விட்டு விலகித் தனியாக வாழ்வது.’

முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டேன்.

வாழ்க்கையில் உங்களுக்கு மிக முக்கியமான லட்சியம் எது? இதுதான் கேள்வி. பதில் சொல்பவர் கையில் நாங்கள் கொடுக்கும் அட்டையில் பன்னிரண்டு லட்சியங்கள் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். பக்கத்தில் யார் இருந்தாலும் மனதில் இருப்பது வெளியே வர வேண்டும் என்பதற்காக எங்கள் சர்வேயில் செய்திருக்கும் ஏற்பாடு.

பக்கத்தில் அவள் கணவர் இருந்தார்.

கலகலப்பான மனிதர். நான் பெல் அடித்ததும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். என்னை உள்ளே விட்டு, மறுபடி பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “திருட்டு பயம்மா. வீட்ல இருக்கற ஒரே நகை இவதான்” என்று சிரித்தார்.

நகை சிரிக்கவில்லை.

வயது, படிப்பு, தூக்கம். அவளிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். போன் நம்பர் கேட்டபோது தன்னுடையதைக் கொடுத்தார். “இவளுக்கு எதுக்கும்மா போனு? பேசத்தான் நான் இருக்கேனே.”

அட்டையைக் கையில் வாங்கிய பிறகுதான் அவள் வாயே திறந்தாள்.

அட்டையின் பின்பக்கம் அடுத்த கேள்வி. அந்த லட்சியத்தை எவ்வளவு காலத்துக்குள் அடைய நினைக்கிறீர்கள்?

“மூணு” என்றாள். யோசிக்கவே இல்லை.

மூன்று என்றால், ஒரு மாதத்துக்குள்.

“அதென்னடி ஒன்பது, மூணுன்னு லாட்டரி நம்பர் மாதிரி? குடு, பாப்போம்.”

அவர் கையை நீட்டினார். அவள் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. சிரிப்பும் அப்படியே இருந்தது. அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன.

“நானே காட்டறேன் சார்” என்று அட்டையை அவளிடமிருந்து வாங்கி டேப்லெட்டுக்கு அடியில் செருகினேன்.

என்னிடம் இரண்டு அட்டைகள் உண்டு. பட்டியலில் மேலே இருப்பதையே ஜனங்கள் தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்பதால், பாதி வீடுகளுக்கு நேர் வரிசை, பாதி வீடுகளுக்குத் தலைகீழ் வரிசை. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘அ’, ‘ஆ’ என்று இருக்கும். மற்றபடி இரட்டைப் பிள்ளைகள்.

அவள் கையில் இருந்தது ‘அ’. நான் உருவி அவரிடம் கொடுத்தது ‘ஆ’.

அவர் விரலை வைத்துக் கீழே இறங்கினார். ஒன்பதில் நின்றார்.

“‘குடும்பத்தினரின் உடல்நலம்.’ அடிப்பாவி! இதைச் சொல்லவா இவ்வளவு ரகசியம்?” அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வழியனுப்ப அவரும் என்னோடு கிளம்பினார். இரண்டு மாடி இறங்கி ஏறுவதற்குக்கூட, அவளை உள்ளே விட்டுக் கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் பையை வாங்கிக்கொண்டு கேட் வரை வந்தார்.

“நல்லா மாத்தினீங்கம்மா” என்றார்.

“எதை சார்?”

“கார்டைத்தான். ரெண்டும் எங்க பிரஸ்ல அடிச்சது. ப்ரூஃப் பார்த்ததே நான்தான். பன்னெண்டும் மனப்பாடம்.” பையைப் பத்திரமாக என் தோளில் மாட்டிவிட்டார். “பயப்படாதீங்க, இப்ப ஒண்ணும் கேட்டுக்க மாட்டேன். அதான் ஒரு மாசம் இருக்கே.”

ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

முடித்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தந்தது. போன் செய்யலாம் என்றால், என்னிடம் இருப்பது அவருடைய நம்பர்.

படியேறினேன். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

பெல்லில் விரலை வைத்தேன். எடுக்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஈரக் கையோடு எட்டிப் பார்த்த எதிர்வீட்டம்மா, “என்னம்மா, தீயா பிடிச்சிருக்கு?” என்று கத்தினாள்.

“சர்வேங்க. ஒரு கேள்வி பாக்கி இருக்கு.”

கடைசியாக அந்தக் கதவும் திறந்தது. அவர் அதே சிரிப்போடு நின்றார். “என்னம்மா, எதையாவது விட்டுட்டீங்களா?”

“ஆமா சார். அக்கா மட்டும் வெளியில வந்து பதில் சொல்லணும். அதுதான் ரூல்.”

“கார்டுல அப்படி ஒண்ணும் இல்லையே.”

“அட, ஒரு நிமிஷம் வந்துட்டுத்தான் போகட்டுமே சார்!” என்றாள் எதிர்வீட்டம்மா. “பொண்டாட்டியை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு கை அகலத்துக்கு ஒதுங்கினார்.

அவள் வந்தாள். என்னைப் பார்த்தாள். திறந்து நின்ற எதிர்க் கதவைப் பார்த்தாள்.

பிறகு வாசலிலேயே குனிந்து செருப்பை இழுத்து, ஒவ்வொரு வாராக இறுக்கி மாட்டத் தொடங்கினாள்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதில்லை.

அவர் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போயிருந்தது.