வாசல் வரை பேண்டு

பள்ளியை விட்டுப் போகும் பன்னிரண்டாம் வகுப்பு பேண்டுக் குழுப் பெண்களை, கடைசி நாளன்று சின்ன வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பேண்டு வாசித்துக்கொண்டே வீட்டு வாசல் வரை கொண்டுவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். பெரிய டிரம் அடிக்கும் கோமதியின் வீடுதான் கடைசி.

தென்காசித் தேரடியைத் தாண்டியதும் ட்ரம்பெட் ஊதும் ஷஹானா பயந்தாள்.

“ஏட்டி, இன்னைக்கு ஒன்னையப் பொண்ணு பாக்க வாராவல்லா? சத்தமில்லாம போயிருவோமா?”

“புளியங்குடிக்காரவ வந்து உக்காந்தாச்சு. அடக்கமான பொண்ணுதான் வேணுமாம். அதான் அடிக்கச் சொல்லுதேன்.”

“ஒங்கப்பா கொன்னுருவாவ.”

“கொல்லட்டும். அவிய எந்திச்சுப் போனாப் போதும். நான் காலேஜுக்குப் போணும்.”

கோமதி அழுதும் பட்டினி கிடந்தும் பார்த்துவிட்டாள். வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. தெருமுனையிலிருந்தே டிரம்மின் தோல் கிழிய அடித்தாள்.

வாசலுக்கு ஓடி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பேண்டு நின்றது. பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தாள். தொப்பியும் சீருடையுமாக வியர்த்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுதான் பொண்ணா?”

அப்பா தலைகுனிந்துகொண்டு, “ஆமாம்மா” என்றார்.

“ஏங்க, இங்கன வாங்க! நம்மள வரவேற்க மேளம் வச்சிருக்காவ. பொண்ணே அடிக்கா! மூத்த மருமவ வீட்டுல வெறும் காப்பிதான் தந்தாவ. அண்ணாச்சி, இன்னைக்கே பூ வச்சிருவோம்.”

அப்பா நிமிர்ந்தார்.

“ஏட்டி பிள்ளைகளா, ஏன் நிறுத்திட்டிய? அடிங்க!”

அக்காவுக்குக் கல்யாணம் என்ற சந்தோஷத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்து ஊதினார்கள். கோமதியின் தோளிலிருந்து டிரம்மைக் கழற்றி ஒருத்தி அடிக்க ஆரம்பித்தாள்.