கையெழுத்துக்கு வந்தவள்

“இந்த மஞ்சச் சட்டைக்காரன் மூணு இடத்துல நிக்கிறானே, ஒரே பிரசவத்துல பொறந்தவங்களா?”

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இருபது பேரும் சிரித்துவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த கட்டடப் படத்தைக் காட்டிக் கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மிஸ் லவோன், டெட்ராய்ட்டில் கறுப்பர்கள் வாழும் அந்தக் கிழக்குப் பக்கத் தெருவுக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கட்டடக்கலை கடைசி வருட மாணவி கீயானாவுக்குக் காது சுட்டது. “இல்ல மேடம்... படத்துல ஒட்டுறதுக்குன்னு காலேஜ் கம்ப்யூட்டர்ல நிறைய ஆளுங்க இருப்பாங்க. அதுல கறுப்பு ஆம்பளை இவர் ஒருத்தர்தான்.”

“அப்ப எங்க தெருவுக்கு இவன் ஒருத்தனே போதும்னுட்டீங்க.”

மறுபடியும் சிரிப்பு. கூட வந்த வகுப்புத் தோழர்கள் நால்வரும் மெல்ல நழுவி, பீட்சா பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நால்வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

தெருமுனைக் காலி மனையில் ஒரு சலவைக் கூடம், அதை ஒட்டி ஒரு படிப்பறை. துணி காய்கிற வரை பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம். கீயானா ஆறு மாதம் உயிரைக் கொடுத்து வரைந்தது. தெருக்காரர்கள் சம்மதித்துச் செயலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல், வெள்ளிக்கிழமை நடுவர்கள் முன்னால் நிற்க முடியாது. நிற்காவிட்டால் பட்டம் கிடையாது.

“பனியை எங்க தள்ளுவ?” என்றாள் லவோன்.

“பனியா?”

“உங்க படத்துல எப்பப் பாரு கோடைகாலம், பிள்ளைங்க கையில பலூன். இங்க நாலு மாசம் பனி, பேபி. வாசலை வடக்கப் பாத்து வச்சிருக்க, வெயிலே படாது. துணி மூட்டையோட யாரு வழுக்கி விழறது, நீயா?”

நியாயமான கேள்வி. கீயானா பென்சிலை எடுத்து அங்கேயே வாசலைத் தெற்கே மாற்றிப் போட்டாள்.

“உன் வகுப்புல கறுப்புப் பிள்ளைங்க எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதான்.”

“அதான் உன்னை முன்னால தள்ளிவிட்டிருக்காங்க.”

‘நீ பேசினால் அவர்கள் கேட்பார்கள்’ என்று பேராசிரியர் முதுகில் தட்டியபோது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அவமானமாக இருந்தது.

“சரி, பட்டம் வாங்கினதுக்கு அப்புறம்? இந்தப் பக்கம் திரும்பி வருவியா?”

வருவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. பீட்சாவுக்குப் பின்னாலிருந்து ஒருவன், சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினான்.

“தெரியல மிஸ் லவோன். நியூயார்க்ல வேலை கிடைச்சிருக்கு.”

எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கீயானா.

லவோன் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டாள்.

கீயானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த, தேவாலயத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் கர்டிஸிடம் போனாள்.

“ஏன் சார், அவங்களுக்குக் காலேஜ் பிள்ளைங்களையே பிடிக்காதா? இந்தத் தெருவுலயே பொறந்து வளர்ந்தவங்களோ, இப்படி உரிமையா சண்டை போடறாங்க?”

“அவளா? அவ ஊரு அட்லாண்டா. இருபது வருஷத்துக்கு முன்னாடி உங்க காலேஜ்லேருந்து அட்டையில செஞ்ச ஒரு கட்டடத்தைத் தூக்கிட்டு வந்தா. அந்த வகுப்புல அவளும் ஒத்தக் கறுப்புப் பிள்ளைதான்.”

கர்டிஸ் அடுத்த நாற்காலியை மடக்கினார்.

“அன்னிக்கு இங்க வந்த அத்தனை பிள்ளைங்களும் திரும்பி வர்றோம்னு சத்தியம் பண்ணிட்டுப் போச்சுங்க. ‘தெரியல’ன்னு சொன்னவ இவ ஒருத்திதான்.”