கேப்டன் எழுதிய கடிதம்

ஒரகடம் நில எடுப்பு விசாரணையில் அது நாற்பதாவது மனு. தாசில்தார் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

“பேக்டரிக்கு எடுத்த நிலத்தத் திருப்பித் தர முடியாதும்மா.”

“எங்க வூட்டுக்காரரு எழுபத்தொண்ணு சண்டைல செத்ததுக்கு சர்க்கார் குடுத்த நிலம் சார்,” என்றாள் செங்கமலம்.

“அதுக்கெல்லாம் சட்டத்துல விலக்கு இல்ல.”

அவள் பழைய கடிதம் ஒன்றை நீட்டினாள்.

“அவரோட ஆபீசரு எழுதினது. எனக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரருதான் படிச்சாரு. ‘நிலத்த யாரும் தொடமாட்டாங்க, நான் பொறுப்பு’ன்னு கீதாம்.”

தாசில்தார் அதை இரண்டுமுறை படித்தார்.

“கேப்டன் வரதராஜன்னு பேரு. எங்க கீறாருன்னு விசாரிச்சு சொல்லுங்க சார். அவரு வந்தா வுடமாட்டாரு.”

“அவரு இப்ப பட்டாளத்துல இல்லம்மா.”

மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்டார். அவள் படிக்கத் தெரியாதவள்தான். இருந்தும், மேசைமேல் இருந்த ‘கேப்டன் வரதராஜன் (ஓய்வு), தாசில்தார்’ என்ற பலகையைக் குப்புறக் கவிழ்த்துவைத்தார்.